மேற்குத் திசைக்கு ஓர் ஊர்

நான் எழுதிய ஒரு வரியினால் ஓர் ஊர் எரிந்தது.

இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வழிகள் பல தெரியும். வாழ்நாள் முழுவதும் சொற்களை எடைபோட்டே பழகியவன் நான். ஆயினும் இன்று அது வேண்டாம். ஊரின் பெயர் தெலும்பா. ஆப்பிரிக்காவில், கண்ணுக்கெட்டாத அகலமுள்ள ஓர் ஏரியின் கரையில் இருந்த மீனவர் ஊர். அதன் தெருவில் நான் நடந்ததில்லை. அதன் நீரை அருந்தியதில்லை. வகுப்பறைச் சுவரில் தொங்கிய நிலப்படத்தில் அதன் பெயரைக் கண்டேன்... அவ்வளவே. எரிப்பதற்கு அது போதுமானதாக இருந்தது.

நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அதை ஆண்ட படைத்தலைவரின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்கள் சினம் அவர்மீது திரும்பிவிடும். அவருக்குரியதை அவர் பெற்றுக்கொண்டார். எனக்குரியது இன்னும் வந்து சேரவில்லை.

இப்போது எனக்கு எழுபத்தைந்து வயது. டென்மார்க்கில், ரண்டர்ஸ் நகரில், ஆற்றைப் பார்த்த இரண்டாம் மாடி வீட்டில் என் மனைவி செல்வராணியோடு வசிக்கிறேன். மாசி மாதக் காலைகளில் ஆற்றிலிருந்து பனிமூட்டம் எழுந்து அக்கரையை அழித்துவிடும். மரங்கள் இல்லை, பாலம் இல்லை, செங்கல் வீடுகளும் இல்லை. அக்கரை என்று ஒன்று உண்டென நம்பிக்கொண்டுதான் காப்பியை அருந்தவேண்டும். அந்த வெண்மையில் நான் ஏரியொன்றைக் காண்கிறேன். ஒருபோதும் காணாத ஏரியை ஒருவன் இத்தனை தெளிவாகக் காண முடியுமா? முடிகிறது.

யாழ்ப்பாணத்தில் தமிழையும் ஆங்கிலத்தையும் முறையாகக் கற்றேன். அக்காலத்தில் எங்கள் ஆசிரியர்கள் பலர் ஒப்பந்தத்தின் பேரில் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போனார்கள். நானும் போனேன், புதிதாய் மணந்த மனைவியையும் அழைத்துக்கொண்டு போனேன். சிவந்த மண், தகரக் கூரை வேய்ந்த பள்ளி, மழை பெய்தால் என் குரல் எனக்கே கேளாத வகுப்பறை. நான் அங்கே ஆங்கிலம் கற்பித்தேன். மாணவர் என்னை 'மாஸ்டர்' என்றழைத்தனர். யாழ்ப்பாணத்தில் ஆசிரியரை அழைக்கும் அதே சொல் கடல் கடந்தும் என்னைத் தொடர்ந்து வந்ததில் எனக்கொரு மகிழ்ச்சி.

பள்ளிக்கு அப்பால் ஒரு படைமுகாம் இருந்தது. அதன் தலைவர் ஒரு மேஜர். மாலைவேளைகளில் அவர் எங்கள் நூலகத்துக்கு வருவார். மெல்லிய குரல், பேசும்போது எதிரிலிருப்பவர் சற்று முன்னே சாயவேண்டியிருக்கும். இரவல் பெற்ற நூலைத் திருப்பித் தரும்போது அதன் அட்டையைக் கைக்குட்டையால் துடைத்துத் தருவார். நூலைத் துடைத்துத் தரும் மனிதரிடம் தீமை இருக்கவியலாது என்று நான் எண்ணினேன். அந்த எண்ணத்தைக் கைவிட எனக்கு நெடுநாள் பிடித்தது.

அவர் கிளர்ந்தெழுந்த நாள் எனக்குக் கனவாகவே நினைவிருக்கிறது. விடியற்காலை. கொசுவலைக்குள் பாதி உறக்கத்தில் கிடக்கிறேன். மெல்லிய ஒரு குரல் அறையெங்கும் பரவுகிறது. என் தலைமாட்டில் அவர் வந்து நிற்பதாகவே தோன்றியது.

"இஞ்சருங்கோ," என்று செல்வராணி என்னை உலுப்பினாள். "உங்கட மேஜர் றேடியோவிலை கதைக்கிறார்."

"என்னவாம்?"

"நாடு இனித் தன்ரையாம்."

"விசர்க்கதை கதையாதையும்."

"நானோ கதைக்கிறன்? அவரெல்லோ கதைக்கிறார்."

அன்று பள்ளி நடக்கவில்லை. மறுநாள் நடந்தது. ஒரு நாடு கைமாறுவதற்கு ஒரே ஒரு விடுமுறை நாள் போதுமாயிருந்தது.

சில திங்கள் கழிந்து, மாளிகைக்கு வருமாறு எனக்கு அழைப்பு வந்தது. நீண்ட கூடம், தரையில் என் முகம் தெரிந்தது. மேஜர் அதே மெல்லிய குரலில் நலம் விசாரித்தார். பின்னர், உங்கள் நாட்டு மன்னர்களை எப்படிப் புகழ்வார்கள் என்று கேட்டார்.

இத்தகைய கேள்விக்காக நான் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன் என்பதை உங்களால் உணர முடியுமா? என் கல்வியை அந்நாட்டில் எவரும் கேட்டறிந்ததில்லை. நான் மெய்க்கீர்த்தியைப் பற்றிச் சொன்னேன். சோழ வேந்தர் தம் கல்வெட்டுகளின் தலைப்பில் வெட்டுவித்த புகழுரை அது. திருமகளும் நிலமகளும் மன்னனை வந்தடைந்ததாகத் தொடங்கும். அவன் கொண்ட நாடுகளைத் திசைதோறும் அடுக்கிச் சொல்லும். பகைவர் பணிந்ததைச் சொல்லும். அரியணையில் அவன் வீற்றிருந்ததாய் நிறைவுறும். ஆயிரம் ஆண்டுகளாகியும் கோயிற் சுவர்களில் அவ்வெழுத்துகள் அழியாது நிற்கின்றன என்றேன்.

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு, வெற்றி முதலிலா, எழுத்து முதலிலா என்று கேட்டார்.

வெற்றிதான் முதலில் என்றேன்.

எழுத்து முதலில் வந்துவிட்டால் படைவீரனுக்கு வேலை எளிது என்று சொல்லி அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நான் இன்றும் விழுங்க முயன்றுகொண்டிருக்கிறேன்.

அவர் ஆட்சியின் முதலாண்டு நிறைவுக்கு ஒரு புகழுரை எழுதித் தர ஒப்புக்கொண்டேன். மிரட்டியா வாங்கினார்? இல்லை. அப்படிச் சொல்லித் தப்பிக்கலாம், பொய்யாகும். ஒப்புக்கொண்டது மட்டுமன்று, விரும்பி எழுதினேன். ஆங்கிலத்தில், ஆனால் நம் மெய்க்கீர்த்தியின் நடையில். ஒவ்வொரு தொடரும் அடுத்த தொடரின் தோளில் கைபோட்டு நடக்கும்படி செதுக்கினேன்.

வடக்கே பாலைநில மக்கள் தூதனுப்பிப் பணிந்தனர் என்றெழுதினேன். அது நடந்த செய்தி. கிழக்கே மலைநாட்டார் கொம்பூதி வரவேற்றனர் என்றெழுதினேன். அதுவும் நடந்தது. தெற்கே துறைமுகம் தன் கதவுகளைத் திறந்தது. அதுவும் ஓரளவு உண்மை.

மேற்கு மட்டும் வெறுமையாய்க் கிடந்தது. மேற்கே அவருக்குப் பகையும் இல்லை, பணிவும் இல்லை. ஏரிக்கரை மக்கள் மீன்பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைநகரில் யார் ஆள்கிறார் என்பது அவர்கள் வலைக்குள் வந்து விழும் செய்தியாக இருக்கவில்லை.

மூன்று திசையோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் திசை நான்கல்லவா? ஒரு கால் இல்லாத கட்டிலை எந்தத் தச்சன் வெளியே கொடுப்பான்? நிலப்படத்தின் முன் சென்று நின்றேன். ஏரியின் நீலத்தில் விரலை வைத்து, கரையோரமாய் நகர்த்தினேன். தெலும்பா என்ற பெயர் விரலடியில் வந்தது. "மேற்கே தெலும்பா தலைவணங்கிற்று" என்று எழுதினேன்.

எழுதிவிட்டு, தேநீர் அருந்தினேன். அன்று மாலை வானம் எவ்வளவு அழகாயிருந்தது என்று செல்வராணியிடம் சொன்னதும் நினைவிருக்கிறது.

அந்தப் புகழுரை நாள்தோறும் காலையில் வானொலியில் ஒலித்தது. எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே மாதிரியான வானொலிப் பெட்டிகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று எனக்கும் அன்பளிப்பாக வந்தது. தந்தநிறக் குமிழ்கள் இரண்டு பதித்த மரப்பெட்டி. பிள்ளைகள் திறந்தவெளியில் வரிசையாய் நின்று, ஒவ்வொரு திசைக்கும் முகம் திருப்பி அந்த உரையைச் சொன்னார்கள். என் சொற்களுக்கு ஒரு நாடே திரும்பிற்று... வடக்கே, கிழக்கே, தெற்கே, மேற்கே. புழுதியில் ஆயிரம் சிறு பாதங்கள் திரும்பும் ஓசை மழைபோலிருக்கும்.

இரண்டு மாதத்தில், படைவண்டிகள் எங்கள் பள்ளியைக் கடந்து மேற்கே சென்றன. பின்னர், செய்தி கசிந்து வந்தது. தெலும்பாவின் படகுகள் எரிக்கப்பட்டன. வீடுகள் எரிக்கப்பட்டன. ஏரிக்குள் தப்பியவர்களைக் கரையில் நின்று சுட்டார்கள். அதன் பின்னும் காலைதோறும் அந்த வரி ஒலித்தது. இப்போது அது உண்மையாகிவிட்டது என்று எனக்குள் ஓர் எண்ணம் எழுந்தது. ஒரே ஒரு கணந்தான் எழுந்தது. அந்த ஒரு கணத்துக்காகவே இதை எழுதுகிறேன் என்றுகூடத் தோன்றுகிறது.

அவர் மூன்று மழைக்காலம் ஆண்டார். வீழ்ந்த நாளும் வானொலியாலேயே தெரிந்தது. அன்று காலை புகழுரை ஒலிக்கவில்லை. சொல்லில்லாத இசை ஒலித்தது. ஒரு புல்லாங்குழல், நாள் முழுவதும். பள்ளி வெளியில் பிள்ளைகள் வரிசையாய் நின்றுகொண்டே இருந்தனர். எந்தப் பக்கம் திரும்புவதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. மாலையில் தெரிந்தது, அவருடைய காவலரே அவரைச் சுட்டுவிட்டனர் என்று. உடலை எங்கே புதைத்தனர் என்று எவரும் சொல்லவில்லை. அவர் கடைசியாய் எடுத்துச்சென்ற நூல் எங்கள் நூலகத்துக்குத் திரும்பி வரவேயில்லை.

புதிய ஆட்சி அயலாரை வெளியேறச் சொன்னது. எங்கள் ஊரிலோ போர். டென்மார்க்குக்கு வந்து அடைக்கலம் கேட்டோம். விசாரித்த அதிகாரி கனிவானவர். ஆப்பிரிக்காவில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். ஆங்கிலம் கற்பித்தேன் என்றேன். வேறெதுவும்? வேறெதுவுமில்லை. அவர் அதைத் தட்டெழுதினார். அவ்வளவு எளிதாய் என் வாழ்வில் ஓர் ஊர் இல்லாமற்போயிற்று.

பிறகு ஓர் இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் வெள்ளைத் தொப்பியும் நீர்புகாக் காலணியுமாய் நின்றேன். தண்டனை என்று அதை எண்ணிப் பார்த்ததுண்டு. ஆனால் அங்கே மதிய உணவு நன்றாயிருந்தது; உடன் வேலைசெய்தோர் நல்லவர்கள். அது தண்டனையன்று.

சென்ற இலையுதிர்காலத்தில் எஸ்தர் வந்தாள்.

செல்வராணியின் கால்கள் வீங்கத் தொடங்கியதால், காலைதோறும் இறுக்கமான காலுறை மாட்டிவிட நகரசபை ஒருவரை அனுப்பும். எட்டரை மணிக்கு வருவார்கள். மாட்டிவிட்டுப் பத்து நிமிடத்தில் அடுத்த வீட்டுக்குப் போவார்கள். எஸ்தர் ஐம்பதை எட்டிய ஆப்பிரிக்கப் பெண். அகன்ற முகம், விரைந்த கைகள். டேனிஷ் நன்றாய்ப் பேசுவாள். அவள் பேசுவதை இங்கே தமிழில் தருகிறேன். என் காதில் அது எப்படியோ எங்கள் ஊர்ப் பேச்சாகவே விழுந்தது.

செல்வராணிக்கு டேனிஷ் பிடிபடவில்லை. இருவருக்குமிடையில் நான்தான் மொழிபெயர்ப்பாளன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, எஸ்தர் எழுந்து நின்றவள், அலமாரியின் மேலிருந்த பழைய வானொலிப் பெட்டியைப் பார்த்தாள். அருகே போய்த் தந்தநிறக் குமிழைத் தொட்டாள்.

"இது எங்காலை உங்களுக்கு? எங்கட பள்ளிக்கூடத்திலை இதே பெட்டிதான் இருந்தது."

அந்நாட்டில் நான் கற்பித்ததைச் சொன்னேன். அவள் கைகொட்டிச் சிரித்தாள்.

"அப்ப நீங்கள் மாஸ்டர். உங்களை இனி நான் பேர் சொல்லிக் கூப்பிடேலாது."

அன்றிலிருந்து நான் அவளுக்கும் மாஸ்டர். பத்து நிமிடம் கால்மணியாயிற்று. சுடச்சுட இஞ்சித் தேநீரைச் செல்வராணி எடுத்துவைக்கத் தொடங்கினாள். ஒருநாள் எஸ்தர் காலுறையை இழுத்துக்கொண்டே எதையோ முணுமுணுத்தாள். முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கிற்று. என் தொடர்கள்! ஒரு சொல் பிறழாமல், நாற்பது ஆண்டுகளுக்குப் பின், என் வீட்டுக் கூடத்தில்.

"காலமை காலமை சொன்னது," என்றாள். "எத்தினை நல்லது மறந்துபோச்சு. இந்தச் சனியன் மட்டும் மறக்குதில்லை."

செல்வராணிக்கு மொழி விளங்காவிட்டாலும் அந்த உரையின் நடை விளங்கிற்று. அவளும் இரண்டு ஆண்டு கேட்டவளல்லவா? அவள் முகம் மலர்ந்தது.

"இஞ்சருங்கோ, அது உங்கட பாட்டெல்லோ? பிள்ளையிட்டைச் சொல்லுங்கோவன், எழுதினது நீங்களெண்டு. சந்தோசப்படுவாள்."

எஸ்தர் என்னைப் பார்த்தாள். "அம்மா என்ன சொல்லுறா?"

"தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ எண்டு கேக்கிறா," என்றேன்.

"காணும், காணும்," என்று அவள் செல்வராணியின் முழங்காலைத் தட்டினாள். செல்வராணி பெருமையோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிப்புக்கு நடுவே நான் நின்றேன்.

"எந்த ஊர் நீங்கள்?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டேன்? கேட்காமல் விட்டிருந்தால் அவள் ஏதோ ஓர் ஊர்க்காரியாய் இருந்திருப்பாள்.

"தெலும்பா."

செல்வராணிக்கு அப்பெயர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எரிப்பை நான் அவளுக்கு ஒருபோதும் சொல்லவில்லை. கணவன் ஒரு வானொலிப் பாட்டு எழுதி அன்பளிப்பு வாங்கினான் என்பதே அவளறிந்த கதை.

அதன்பின் எஸ்தர் சிறிது சிறிதாகச் சொன்னாள். ஒரு நாளைக்கு ஒரு காலுறையின் அளவு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தந்தைக்கு ஒரு படகு. நீலமும் மஞ்சளும் பூசியது. பள்ளியில் அந்த வரியை முதன்முதல் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்களாம்.

"நாங்கள் எப்ப தலைவணங்கினது எண்டு ரீச்சரைக் கேட்டம். அவவும் சிரிச்சா. ஊர்த்தலைவர்தான் சிரிக்கேல்லை. அவர் வலு மரியாதையான மனுசன். தலைநகருக்கு ஒரு கடிதம் எழுதினவர். உரை நல்லாயிருக்கு, ஆனால் எங்கட ஊரைப் பற்றி ஒரு பிழை இருக்கு, தயவுசெய்து திருத்துங்கோ எண்டு."

"பிறகு?"

"பிறகென்ன, ஆமி வந்தது."

அவள் மற்றக் காலுறையை எடுத்தாள். "அப்பா படகிலை இருந்தவர்," என்றாள்.

இங்கே நிறுத்திவிடவே விரும்பினேன். இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். பிழையற்ற நடை. ஆனால் உங்களிடமும் நான் ஒன்றை மறைத்துவிட்டேன்.

அந்தக் கடிதத்தை நான் கண்டிருக்கிறேன்.

அது என்னிடம்தான் அனுப்பப்பட்டது. கோடிட்ட தாளில் ஒருபக்கக் கடிதம். கையெழுத்து, பள்ளிக்கூடத்து நல்ல மாணவனின் கையெழுத்துப்போல் உருண்டையாயிருந்தது. மாளிகையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டை அதன்மேல் குத்தியிருந்தார்கள். உரையில் பிழை உண்டா என்று அதில் கேட்டிருந்தது. கேள்வி அவ்வளவே. அதன் கீழ் விடைக்கு இடம் விட்டிருந்தார்கள்.

ஆம் என்று ஒரு சொல் எழுதியிருந்தால் போதும். ஒரு கோடு கிழித்து மூன்று திசையோடு முடித்திருந்தால், தெலும்பா இன்னொரு நாளும் மீன்பிடிக்கப் போயிருக்கும். எனக்கு அச்சம் இருந்ததா? இல்லை. அன்றைக்கு மேஜர் என்மீது சினந்திருக்கவும் மாட்டார். எனக்கிருந்தது அச்சமன்று... என் உரையில் ஒரு மீனவன் பிழை கண்டுவிட்டான் என்ற எரிச்சல். மாணவர் ஏட்டில் ஒற்றுப்பிழை கண்டால் சிவப்பு மையால் சுழிப்பவன் நான். என் ஏட்டில் இன்னொருவர் சுழிப்பதா?

"உரையில் பிழையில்லை" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

உரையில் பிழையில்லையென்றால் ஊரில்தான் பிழை. மேஜர் அப்படித்தான் வாசித்திருப்பார். கவனமாய் வாசிக்கும் எவரும் அப்படித்தான் வாசிப்பார். பிழையை ஊரில் திருத்தும்படி படைக்கு ஆணையிட்டார்.

இதை எஸ்தரிடம் சொல்லவேண்டும் என்று ஒவ்வொரு காலையும் எண்ணினேன். எட்டு மணிக்கு உறுதி இருக்கும். எட்டரைக்குக் கதவு திறக்கும். கீழே மிதிவண்டியை நிறுத்திவிட்டு, பனியில் விறைத்த கைகளை உரசிக்கொண்டு அவள் வருவாள். "காலை வணக்கம், மாஸ்டர்." அந்தச் சொல்லில் என் உறுதி கரைந்துவிடும். அவளுடைய தந்தையைப் பற்றி அவள் பேசக்கூடிய வீடு, இந்நகரில் எங்களுடையது ஒன்றே. அதைப் பறிக்க எனக்கு உரிமையுண்டா என்று என்னையே கேட்டேன். அழகான கேள்வி. கோழைத்தனத்துக்கும் நல்ல நடை வாய்க்கும் என்பதை என்னிடம்தான் காணவேண்டும்.

தை மாதத்தில் ஒருநாள் அவள் இருக்கையில் உட்கார்ந்தே பேசினாள். வழக்கமாக உட்காரமாட்டாள்.

"மாஸ்டர், ஒரு உதவி. ஊரிலை ஒரு கல்லு நடப்போகினம். செத்த ஆக்களின்ரை பேரெல்லாம் வெட்டி, ஏரிக்கரையிலை. மேலை நாலு வரி இங்கிலிசிலை வேணும். எங்கட ஆக்களுக்கு எழுத வருகுதில்லை. எழுதினால் அழுகைதான் வருகுது. நீங்கள் படிச்ச ஆள்."

செல்வராணி கேட்டாள்: "என்னவாம் பிள்ளை? முகம் வாடிக்கிடக்கு."

"ஒரு கல்வெட்டு எழுதித் தரட்டாம்," என்றேன். இம்முறை சரியாகவே மொழிபெயர்த்தேன்.

"எழுதிக் குடுங்கோவன். அதுக்கென்ன? உங்களுக்குக் கைவந்த வேலையெல்லோ."

இளமையில் எனக்கொரு கனவிருந்தது. என் சொற்கள் என்றேனும் கல்லில் ஏறவேண்டும் என்பது அது. தாளில் எழுதுவோர் ஆயிரம்பேர். கல்லில் நிற்போர் சிலர். அந்தக் கனவு, நான் மறந்தபின், என் வீடு தேடி வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

சொல்லியிருக்க வேண்டிய கணம் அதுவே. இதைவிடத் தெளிவான கதவு எவருக்குத் திறக்கும்? நான் வாய் திறந்தேன். "என்ன எழுதவேணும்?" என்று கேட்டேன்.

"நாங்கள் தலைவணங்கேல்லை எண்டு எழுதுங்கோ. அது காணும்."

ஒரு வாரம் எழுதினேன். என் வாழ்வில் எழுதியவற்றுள் அதுவே ஆகச் சிறந்தது என்று சொல்ல வெட்கப்படுகிறேன், ஆனால் உண்மை. ஓர் அடைமொழி இல்லை. திசை எதுவும் இல்லை. நான்கு வரி, தமிழில் இப்படி வரும்:

இவ்வூர் எவருக்கும் தலைவணங்கியதில்லை.
வணங்கியதாக எழுதப்பட்டது.
பிழையைத் திருத்தக் கேட்டவர் இங்கே உறங்குகின்றனர்.
பிழை இன்று திருத்தப்பட்டது.

எஸ்தர் தாளைக் கையில் வாங்கி நின்றபடியே வாசித்தாள். மூன்றாம் வரியை இருமுறை வாசித்தாள். பிறகு மேசைமேலிருந்த பென்சிலை எடுத்தாள்.

"கோவிக்காதையுங்கோ, மாஸ்டர். கடைசி வரி வேண்டாம்."

"ஏன்?"

"திருத்தியாச்செண்டு நாங்கள் எப்பிடிச் சொல்லுறது? ஆர் திருத்தினது?"

அவள் அந்த வரியின்மேல் ஒரு கோடு கிழித்தாள். மெல்லிய, நேரான கோடு. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நான் கிழித்திருக்கவேண்டிய கோட்டைப் போன்றதே. இம்முறை நான் எதிர்க்கவில்லை.

"கீழை உங்கட பேரைப் போடட்டோ? எழுதினவரின்ரை பேர் போடுறது வழக்கம்தானே."

வழக்கந்தான். நம் கல்வெட்டுகளிலும் உண்டு. "வேண்டாம் பிள்ளை," என்றேன்.

அவள் செல்வராணியிடம் திரும்பி ஏதோ சொன்னாள். செல்வராணி என்னைப் பார்த்தாள். "என்ன சொல்லுறாள்?"

மொழிபெயர்த்துத்தான் ஆகவேண்டும். "உங்கட மனுசன் வலு அடக்கமான ஆள் எண்டு சொல்லுறாள்."

"ஆர், இவரோ?" என்று செல்வராணி சிரித்தாள். "வீட்டிலை வந்து இருந்து பாக்கச் சொல்லுங்கோ." அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

நேற்றுக் காலை எஸ்தர் தன் கைப்பேசியை நீட்டினாள். ஊரிலிருந்து படம் வந்திருந்தது. கருங்கல், ஆள் உயரம். மேலே என் மூன்று வரி. கீழே பெயர்கள், மூன்று நிரையில். கல்லுக்குப் பின்னால் ஏரி... நான் பனிமூட்டத்தில் கண்டுவந்த ஏரி அதுவன்று. அது வேறு நிறம். பச்சை கலந்த சாம்பல். கரையில் ஒரு படகு, நீலமும் மஞ்சளுமாய். அவள் அந்தப் பெயர்களுள் ஒன்றைத் தன் பெருவிரலால் பெரிதாக்கிக் காட்டினாள். "அப்பா," என்றாள்.

பெயர்கள் முடிந்தபின், கல்லின் அடியில் ஒரு கையகலம் வெறுமையாய் விடப்பட்டிருந்தது. மெருகிட்டு, கோடுகள் போட்டு, எழுத்து மட்டும் வெட்டாமல்.

"இது ஏன்?" என்று கேட்டேன். "இன்னும் பேர்கள் இருக்குதோ?"

"இல்லை, மாஸ்டர். செத்த ஆக்கள் எல்லாரும் வந்திட்டினம்." அவள் கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். "அந்தப் பாட்டை எழுதினவன் ஆரெண்டு இண்டைவரைக்கும் தெரியாது. எப்பவாவது தெரியவந்தால் அந்தப் பேரை வெட்டுறதுக்கு விட்ட இடம்."

செல்வராணி தேநீரை நீட்டினாள். எஸ்தர் வாங்கிக் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். வானொலிப் பெட்டியின் மேல் படிந்திருந்த தூசியைப் போகிறபோக்கில் கையால் துடைத்தாள்.

"நாளைக்கு வாறன், மாஸ்டர்."

"ஓம்," என்றேன்.

இன்று பனிமூட்டம் இல்லை. அக்கரை முழுவதும் தெரிகிறது. பாலம், மரங்கள், சாளரங்களில் ஏற்றிய மெழுகுவர்த்திகள். ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கையகலக் கல்தான். என் பெயருக்கு எத்தனை எழுத்து என்று எண்ணிப் பார்த்தேன். அந்த இடத்தில் சரியாக அடங்கும்.

மணி எட்டு இருபது. கீழே மிதிவண்டி நிறுத்தும் ஓசை கேட்கிறது. இன்று அவள் சற்று முன்னதாகவே வந்துவிட்டாள்.